அத்தை கடலுக்கு வந்த நாள்

எங்கள் தோட்டத்துக்கும் கடலுக்கும் இடையே இருந்த தூரம் அதிகமன்று. லுக்குட் கடைத்தெருவைத் தாண்டிவிட்டால், சைக்கிள் மிதிக்கத் தெரிந்த எவரும் முதுகு வியர்ப்பதற்குள் கரையை எட்டிவிடலாம். மழைக்கு முந்திய சில மாலை வேளைகளில், ரப்பர் மரங்களின் தலைக்கு மேலாக ஓர் உப்பு வாடை வந்து, கொடியில் காயும் துணிகளை அசைத்துவிட்டுப் போவதும் உண்டு. ஆயினும் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகளுள் கடலைக் கண்ணால் கண்டவர் வெகு சிலரே. பெரியவர்களுக்கு விடியுமுன் வரிசையில் நின்று பெயர் கொடுக்கும் பெரட்டு, அதன்பின் ரப்பர்ப் பால் வெட்டு, அதன்பின் ஸ்டோரில் பாலை ஊற்றிவிட்டு வீடு. ஞாயிற்றுக்கிழமையானால் துணி துவைப்பதும் லுக்குட்டில் சாமான் வாங்குவதும். இந்த வட்டத்துக்குள் கடல் எந்த இடத்திலும் குறுக்கிடவில்லை. பள்ளியில் கடலைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது, எங்களுள் பாதிப் பேர் செம்மண் குட்டையைப் பெரிதாக்கி எழுதினோம். எருமை இறங்கும்போது எழும் சுழிப்பை அலை என்று வருணித்தவள் நான்தான். அதற்கு எனக்கு நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது என்பதை இங்கே அடக்கத்தோடு குறிப்பிடுகிறேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும். அவ்வாண்டு கடற்கரையோரமாக, பழைய சரக்குக் கொட்டகை ஒன்றைச் செப்பனிட்டு, அதில் ஒரு சிறிய கடல்சார் காட்சிசாலையைத் திறந்திருந்தார்கள். சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு அவர்கள் ஒரு திட்டம் வகுத்திருந்தார்கள். ஞாயிறு தோறும் ஒரு பள்ளியை அழைத்து, காலையில் கடலைப் பற்றிய அறிவியலையும், அடுத்துக் கப்பல்களின் சரித்திரத்தையும் கற்பித்து, முடிவில் பிள்ளைகளை ஒரு விசைப்படகில் ஏற்றி, கொஞ்ச தூரம் கடலுக்குள் கொண்டுபோய் நீரோட்டத்தை நேரிலேயே காட்டுவார்கள். எங்கள் முறை வந்தபோது பள்ளியின் பெரிய வாத்தியார் இச்செய்தியை வாசித்தார். அறிவியலும் சரித்திரமும் எங்கள் காதில் விழுந்தனவா என்பது ஐயமே. படகு என்ற சொல் விழுந்தது.

ஆனால் பெண்பிள்ளைகளை அனுப்புவதற்கு எங்கள் தாய்மார்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். பள்ளியில் பெண் ஆசிரியை எவரும் இல்லை. ஆகவே விவரமான பெண்மணி ஒருவர் கூடவே போக வேண்டும். போவதோடு, பிள்ளைகள் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே அவரும் இருக்க வேண்டும். யார் போனால் சம்மதம் என்று பெரிய வாத்தியார் கேட்டபோது, எல்லாரும் ஏக மனதாக ஒரே பெயரைச் சொன்னார்கள்.

"ஆயாம்மா போனா அனுப்புறோம், வாத்தியாரே. இல்லாட்டி வேணாம் லா."

அந்த ஆயாம்மா என் அத்தை, என் தந்தையாரின் மூத்த சகோதரி. தாய்மார்கள் பால் வெட்டப் போகும் நேரத்தில் அவர்களுடைய கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை அவர் பொறுப்பில் இருந்தது. தோட்டத்தில் எனக்கு முன்னும் பின்னும் பிறந்த அத்தனை பேரும் அவர் மடியில் கிடந்து, அவர் கையால் பாலாடையில் பால் குடித்து வளர்ந்தவர்கள்தாம். அதனால் வேலையை மேற்பார்க்கும் மண்டோரையும் கணக்கெழுதும் கிராணியையும்கூட அவர் 'அடேய்' என்று அழைத்துவிட்டு, பிறகு நினைவு வந்து 'ஐயா' என்று ஒட்டுப்போடுவார். அவருக்கு மூன்று ஆண்மக்கள். மூவரும் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். பெண்பிள்ளை இல்லாத குறைக்கு, இரண்டு கதவு தள்ளி வசித்த என்னைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே வைத்துக்கொண்டு, தலைவாரி, பேன் பார்த்து, வாய் ஓயாமல் திட்டுவார். அந்தத் திட்டு இல்லாத நாளில் எனக்குச் சோறு செல்லாது.

அத்தைக்குப் பிடிக்காதவை பல உண்டு. ஐஸ் பிடிக்காது, கடைத் தேநீர் பிடிக்காது, விசில் அடிப்பவர்களைப் பிடிக்காது. ஆனால் கடலைப் பிடிக்காதது வேறு தினுசு. மாசி மகத்துக்குத் தோட்டமே லோரி கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் புறப்பட்டாலும், அவர் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருப்பார். கடல் மீனை வாங்கவும் மாட்டார், தொடவும் மாட்டார். ஆற்று மீன் கிடைத்தால் உண்டு. இல்லையேல் கருவாடுகூட இல்லாத ரசம். கேட்டால் சொறி பிடிக்கும் என்பார். கப்பலில் வந்த காலத்தில் தலைசுற்றி மிகவும் துன்பப்பட்டிருப்பார், அந்த அச்சம் தீரவில்லை என்று தோட்டத்தார் தங்களுக்குள் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். என் தந்தையார் இங்கே, மலாயாவில் பிறந்தவர். அத்தையோ சிறு பெண்ணாக, பெற்றோருடன் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்.

ஆதலால், பெரிய வாத்தியார் ஆயாக் கொட்டகைக்கே சென்று கேட்டபோது, தொட்டிலை ஆட்டிக்கொண்டே அத்தை சொன்ன பதில் எங்களுக்கு வியப்பளிக்கவில்லை.

"உப்புத் தண்ணியப் பாக்குறதுக்கு ஒரு லோரியா? ஊட்டுல ஆளுக்கு ஒரு கொவளையில உப்பக் கரைச்சி வெச்சிப் பாக்கச் சொல்லுங்க."

மறுநாள் பெண்பிள்ளைகள் அனைவரும் கூட்டமாகப் போய்க் கேட்டோம். தூங்கும் குழந்தைகளை எழுப்பிவிட்டதற்காகத் துரத்தப்பட்டோம். அதற்கு மறுநாள் கிராணியின் மனைவி போய்க் கேட்டுப் பார்த்தார். அவருக்குக் கோப்பி கிடைத்தது, சம்மதம் கிடைக்கவில்லை. பையன்கள் எங்களைக் கடந்து போகும்போதெல்லாம் இரு கைகளாலும் துடுப்புப் போடுவது போல் காட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை எனக்கு எண்ணெய் வைத்துப் பேன் பார்க்க உட்கார்ந்தார் அத்தை. அவர் முழங்கால்களுக்கு நடுவே என் தலை இறுகி இருந்தது. பேசினால் அழுகை வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆயினும் அது கண் வழியாக வந்து அவருடைய பாதத்தில் சொட்டிற்று.

"என்னாடி இது, ஒழுவுது? கடலு என்னா ஓடியா போவப் போவுது? கல்யாணம் கட்டிக்கிட்டு ஒம் புருசனோட போயிப் பாரு."

"நீங்க வராட்டி அம்மா வுடாது."

"வுடாட்டி நல்லதுதான்."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் எனக்கு எப்போதும் நியாயம் நன்றாக அமையும்.

"நீங்க மட்டும் கப்பல்ல வந்தீங்கல்ல? நீங்க பாத்துட்டீங்க. நாங்க பாக்கக் கூடாதா?"

சீப்பு நின்றது. திரும்பிப் பார்க்க முடியாதபடி என் தலையை அவர் பிடித்திருந்ததால், அவர் முகம் எப்படி இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் யாரோ மிளகாய் தாளிக்க, இருவரும் தும்மினோம். அதன்பிறகு சீப்பு மீண்டும் நகர்ந்தது.

"வர்றேன். ஆனா கரையோட சரி. தண்ணிகிட்ட வரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

நான் அந்தப் பிற்பாதியைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஞாயிறு காலை தோட்டத்து லோரியைக் கழுவி நிறுத்தியிருந்தார்கள். எவ்வளவு கழுவியும் ரப்பர்ப் பாலின் புளித்த வாடை அதைவிட்டுப் போகவில்லை. அத்தை கஞ்சி போட்ட சேலையில், ஓட்டுநரின் பக்கத்தில் அமர்ந்தார். மடியில் மூடி போட்ட தூக்குச் சட்டி ஒன்று. அதில் அவர் வீட்டுப் பசுவின் பால், சர்க்கரை போட்டுக் காய்ச்சியது. கடற்காற்று நெஞ்சைக் கட்டும் என்றும், கடையில் விற்கும் எதையும் நம்பமுடியாது என்றும், எல்லாம் முடிந்தபின் பெண்பிள்ளைகளுக்கு ஆளுக்கு அரைக் கோப்பை தருவதாகவும் முன்னமே அறிவித்திருந்தார். பையன்களுக்கு இல்லை என்பதையும் சேர்த்து அறிவித்திருந்தார். துடுப்புப் போட்டவர்களுக்கு அது நல்ல தண்டனை என்று நாங்கள் கருதினோம்.

நிற்க. கடலை நான் முதன்முதலாகப் பார்த்த காட்சியை எழுத வேண்டும் என்றுதான் இங்கே எண்ணினேன். ஆனால் உண்மை என்னவென்றால், லோரியின் பலகைக்கு மேல் எட்டிப் பார்த்த எனக்கு முதலில் ஏமாற்றமே உண்டாயிற்று. எருமையின் சுழிப்புகூட இல்லாமல், வெளிறிய தகரம் போல அது சும்மா கிடந்தது. அளவைப் புரிந்துகொள்ளத்தான் நேரமாயிற்று. புரிந்தபின் வாயை மூட மறந்துவிட்டேன்.

காட்சிசாலையில் எங்களை வரவேற்றவர் ஒரு மலாய் இளைஞர். நெடிய கால்கள், வெயிலில் கறுத்த முகம், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சுண்ணக்கட்டி. அவரை நாங்கள், ஐயா என்பதற்கு மலாயில் சொல்வது போல, 'என்சே' என்று அழைத்தோம். அவர் மலாயில் விளக்க, பெரிய வாத்தியார் அதைத் தமிழில் சொல்வார். என்சே நாலு வாக்கியம் பேசினால் வாத்தியார் ஏழு வாக்கியம் சொல்வார். எங்களைப் போன்ற கூட்டத்துக்குப் பாடம் நடத்துவதில் என்சேவுக்கு இருந்த ஆனந்தத்தை இன்று நினைத்தாலும் எனக்கு மனம் நெகிழ்கிறது. ஓர் ஆணியைத் தொட்டி நீரில் போட்டார்; மூழ்கியது. ஓர் இரும்புக் கிண்ணத்தை வைத்தார், மிதந்தது. அவ்வளவு கனமான கப்பல் எப்படி மிதக்கிறது என்பதை அந்தக் கிண்ணத்தைக் கொண்டே எங்களைச் சொல்ல வைத்தார். பிறகு நல்ல தண்ணீரில் ஒரு முட்டையை இட்டார். அது அடியில் போய் உட்கார்ந்தது. உப்பைக் கொட்டிக் கலக்கக் கலக்க, முட்டை மெல்ல எழுந்து மேலே வந்தது. நாங்கள் கைதட்டிய ஓசை கேட்டு, வாசலுக்கு வெளியே மரத்தடியில் அமர்ந்திருந்த அத்தை குரல் கொடுத்தார்.

"என்னாடி அங்க?"

"முட்டை மெதக்குது, அத்தை!"

"கூமுட்டையாத்தான் இருக்கும். தின்னுடாதீங்க."

அத்தை உட்கார்ந்திருந்த விதத்தையும் சொல்ல வேண்டும். அந்த மரத்தடியிலிருந்து பார்த்தால் கடல் முழுவதும் தெரியும். அவரோ கடலுக்கு முதுகைக் காட்டி, எங்கள் லோரியின் சக்கரத்தைப் பார்த்தவாறு அமர்ந்திருந்தார்.

சரித்திரப் பாடம் அடுத்த அறையில் நடந்தது. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நீராவிக் கப்பலின் மாதிரி இருந்தது. புகைபோக்கி, கயிற்றேணி, தொங்கும் சிறு படகுகள் வரை நேர்த்தியாகச் செய்திருந்தார்கள். இப்படிப்பட்ட கப்பலில்தான் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வந்தார்கள் என்றார் என்சே. மேல்தளத்தைச் சுட்டி, இங்கேதான் படுத்தார்கள், இங்கேதான் சமைத்தார்கள் என்றார். உங்கள் குடும்பத்தோடு கப்பலில் வந்த ஏதாவது ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறதா என்று ஒவ்வொருவரையும் கேட்டார். ஒருவன் அரிவாள்மணை என்றான். ஒருத்தி தோடு என்றாள். என் முறை வந்தபோது என் வாயில் வேறு எதுவும் வரவில்லை.

"எங்க அத்தை," என்றேன்.

அறை முழுவதும் சிரித்தது. என்சே மட்டும் சிரிக்காமல், அவர் இப்போது எங்கே என்று கேட்டார். நான் வாசலுக்கு ஓடினேன்.

"அத்தை, ஒங்க கப்பலு உள்ளாற இருக்கு! வாங்க வந்து பாருங்க!"

அவர் திரும்பாமலேயே பதில் சொன்னார்.

"இருந்துட்டுப் போவட்டும்."

இனி படகு. ஒரே நேரத்தில் எல்லாரையும் ஏற்ற இடமில்லை என்பதால், பையன்கள் முதலில் போனார்கள். தொப்பலாக நனைந்து, உதடெல்லாம் உப்புப் பூத்து, ஏதோ வெளிநாட்டுக்குப் போய்வந்தவர்கள் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினார்கள். நாங்கள் பலகைப் பாலத்தில் வரிசையாக நின்றோம். படகோட்டி இயந்திரத்தை அணைக்காமல் காத்திருந்தார். அப்போதுதான் பெரிய வாத்தியார் கையை நீட்டி மறித்தார். பெண்பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஆயாம்மா இருக்க வேண்டும் என்று தாய்மார்களிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆயாம்மா ஏறினால்தான் நாங்கள் ஏறலாம்.

"கரையோட சரின்னு சொல்லிட்டுத்தானே வந்தேன்?" என்றார் அத்தை மரத்தடியிலிருந்தே. "பொண்ணுங்கள நான் கரையில பாத்துக்கிறேன். கரையிலதான் கரையும் இருக்குது, தண்ணியும் இருக்குது. போதும்."

வாத்தியார் மன்றாடினார். நாங்கள் ஒருத்தி பின் ஒருத்தியாகக் கெஞ்சினோம். ஒருத்தி காலைப் பிடித்தாள். அத்தை அவள் கையை மென்மையாக விலக்கினார், திட்டவில்லை. திட்டாததுதான் என்னைக் கலக்கியது. இதற்கிடையில் படகோட்டி வந்து, வற்று நேரம், தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கிறது, இன்னும் கொஞ்சம் போனால் படகு தரைதட்டிவிடும் என்று எச்சரித்துவிட்டுப் போனார். பாலத்துத் தூண்களில் ஈரக் கோடு கீழே கீழே போவது கண்ணுக்கே தெரிந்தது. அந்தக் கோட்டையும் அத்தையின் முதுகையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, என் வாழ்நாளில் இனிப் படகே கிடையாது என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

அந்நேரம் என்சே வந்து, அத்தைக்கு எதிரே மணலில் குந்தி அமர்ந்தார்.

"ஜாங்ஙான் தாக்கோட், மாச்சிக்," என்றார். பயப்படாதீர்கள், அம்மா என்று பொருள். வெகு தூரம் போகமாட்டோம். இந்தத் தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு உடனே திரும்பிவிடுவோம் என்று தன்மையாக எடுத்துச் சொன்னார்.

அத்தை அதுவரை தலைகுனிந்து இருந்தவர், நிமிர்ந்தார்.

"ஆயேர் ஓடுதா? பெர்கி மானா?" என்றார், தமது சந்தை மலாயில். தண்ணீர் எங்கே போகிறது என்பது கேள்வி.

கேள்வி கேட்கப்படுவதையே வாழ்வின் பயனாகக் கருதிய அந்த இளைஞருக்கு அது போதுமானதாயிருந்தது. ஒரு சுள்ளியை ஒடித்து மணலில் வரைய ஆரம்பித்தார். இது நம் கரை. இது எதிரே சுமாத்திரா. இடையில் இருப்பது இந்த நீரிணை. அலை வரும், போகும்; ஏற்றமும் வற்றும் மாறி மாறி இருக்கும். ஆனால் மொத்தத்தில் இந்தத் தண்ணீர் இப்படித்தான் நகர்கிறது என்று, கிள்ளானைக் கடந்து, பினாங்கைக் கடந்து, வடமேற்காக ஒரு கோடு இழுத்து, பெரிய கடலில் கொண்டுபோய் விட்டார். அதுதான் இந்தியாவிலிருந்து கப்பல் வரும் வழி என்றும் சொன்னார்.

நான் பக்கத்திலேயே நின்றேன். வற்றும் தண்ணீரை நினைத்து எனக்குக் கால் நிலைகொள்ளவில்லை. அத்தையோ வரைபடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பினாங்கு வர்றதுக்கு ரெண்டு நாளு முந்தி," என்று மெதுவாகக் கேட்டார், தமிழும் மலாயுமாக. "கப்பலு எங்க நிக்கும்?"

என்சே சற்று யோசித்தார். சுள்ளியை மேலே கொண்டுபோய், சில தீவுகளைப் புள்ளியாக வைத்து, அவற்றுக்கு அப்பால் வெறும் மணலில் குத்திக் காட்டினார். ஏறக்குறைய இங்கே, மாச்சிக்.

அத்தை தமது விரலை அந்த இடத்தில் வைத்தார்.

"இந்தத் தண்ணி, இங்கேருந்து, அங்க போவுமா?"

நேராகப் போகாது, மெதுவாகப் போகும், காற்றுக் காலம் மாறினால் சுற்றிக்கொண்டும் போகும் என்று என்சே பாடப்புத்தகம் போல ஆரம்பித்து, அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கடலில் சுவர் கிடையாது, மாச்சிக், என்றார் முடிவாக.

"சம்பாய்?" என்றார் அத்தை. போய்ச் சேருமா?

"சம்பாய்."

அத்தை விரலிலிருந்த மணலைச் சேலையில் துடைத்தார். தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். எழுந்தவர் எங்களைப் பார்த்து, வழக்கமான குரலில் அதட்டினார்.

"என்னாடி வேடிக்கை? தண்ணி வத்துதுன்னு சொல்றாருல்ல? ஏறுங்கடி!"

நாங்கள் ஏறிய வேகத்தில் படகே ஒருபுறம் சாய்ந்தது. அத்தை நடுப்பலகையில், இருபுறமும் எங்கள் தோள்களைப் பற்றிக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி அமர்ந்திருந்தார். அவர் நகம் என் தோளில் பதிந்தது. நான் பொறுத்துக்கொண்டேன், படகுக்காக அதைவிடப் பெரிய துன்பத்தையும் அன்று பொறுத்திருப்பேன். கரை சிறுத்தது. லோரி தீப்பெட்டி ஆயிற்று. ஒரு பெரிய அலை வந்து முகத்தில் அறைந்தபோது நாங்கள் கூச்சலிட்ட ஆனந்தத்தை எந்தத் திருவிழாவிலும் நான் மறுபடி அனுபவித்ததில்லை.

ஓரிடத்தில் இயந்திரத்தை நிறுத்தினார்கள். திடீரென்று அமைதி. என்சே சிவப்புச் சாயம் பூசிய மரக்கட்டை ஒன்றை நீரில் போட்டு, அது எந்தத் திசையில் போகிறது என்று கவனிக்கச் சொன்னார். எல்லாரும் ஒருபக்கமாகக் குவிந்து அதையே பார்த்தார்கள். கட்டை ஒரு கணம் தயங்கிவிட்டு, யாரோ கயிறு கட்டி இழுப்பது போல வடமேற்காக விலகிப் போக ஆரம்பித்தது.

என் தோளில் நகம் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்து, நான் திரும்பினேன். அத்தை படகின் ஓரத்தில் மண்டியிட்டிருந்தார். தூக்குச் சட்டியின் மூடி திறந்திருந்தது. சட்டியை நீர்மட்டத்துக்கு மிக அருகில் கொண்டுபோய், மெல்லச் சாய்த்துப் பாலை ஊற்றிக்கொண்டிருந்தார். ஆயாக் கொட்டகையில் கைக்குழந்தைக்குப் புரையேறாமல் பாலாடையைச் சாய்ப்பாரே, அந்தச் சாய்ப்பு, அந்த நிதானம். உதடுகள் அசைந்தன. பால் பச்சை நீரில் வெண்மையாக நீண்டு, சிவப்புக் கட்டை போன வழியே போயிற்று. கடைசிச் சொட்டுக்குப் பிறகு, சட்டியில் கடல் நீரை மொண்டு அலசி, அதையும் அதே வழியில் ஊற்றினார்.

"அத்தை! பாலு!" என்றேன். அதில் என் பங்கும் இருந்தது.

"திரிஞ்சு போச்சுடி," என்றார்.

திரும்பி வரும்போது அவர் கண்ணை மூடவில்லை. கட்டை மறைந்த திசையையே, படகு கரையைத் தொடும்வரை, பார்த்துக்கொண்டு வந்தார். கரையேறியதும், பாலை இழந்து முகம் வாடி நின்ற எங்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, கடற்கரையில் தள்ளுவண்டியில் ஐஸ் உருண்டை விற்றவரை அழைத்து, பெண்பிள்ளைகள் அனைவருக்கும், போனால் போகிறதென்று பையன்களுக்கும், சிவப்புச் சர்பத் ஊற்றி வாங்கிக் கொடுத்தார். ஐஸ் தின்றால் காய்ச்சல் வரும் என்று எங்கள் கையிலிருந்து எத்தனையோ முறை தட்டிவிட்ட அதே அத்தை. எங்கள் அதிர்ஷ்டத்தை நம்பமுடியாமல், அவர் மனம் மாறுவதற்குள் வேகவேகமாக உறிஞ்சினோம்.

வீடு திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. நான் தூக்குச் சட்டியைக் கொண்டுவந்து வைத்ததும், என் தாயார் அதை முகர்ந்து பார்த்தார்.

"திரிஞ்ச வாடையே இல்லியே? எம் முன்னாலதானே காச்சிச்சு."

தந்தையார் வாசலில் அமர்ந்து, நாளைய வேலைக்குப் பால் வெட்டும் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவர் முன்னமே குளித்துத் திருநீறு இட்டிருந்தார். நான் அவரிடம் கடலை முழுவதுமாக ஒப்பித்தேன்: முட்டை, கிண்ணம், கண்ணாடிப் பெட்டிக் கப்பல், அலை அறைந்தது, எல்லாம். சீராகத் தேய்ந்துகொண்டிருந்த உளியின் ஓசை, என்சே மணலில் வரைந்த படத்துக்கு நான் வந்தபோது மெதுவாயிற்று. அத்தை விரல் வைத்த இடத்தைச் சொன்னபோது நின்றுவிட்டது.

"பால ஊத்துச்சா?" என்றார்.

"திரிஞ்சு போச்சாம், அப்பா."

"எந்தப் பக்கமா ஓடுச்சு?"

எனக்கு வீட்டு வாசலிலிருந்து வடமேற்கு தெரியாது. குத்துமதிப்பாக, ஆயாக் கொட்டகை இருந்த பக்கமாகக் கையைக் காட்டினேன். தந்தையார் அந்தப் பக்கமே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உளியைக் கீழே வைத்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

அத்தைக்கும் தந்தையாருக்கும் இடையில் ஓர் ஆண்குழந்தை இருந்ததை அன்று நான் அறியேன். பல ஆண்டுகள் கழித்து, அத்தை மறைந்த மூன்றாம் நாள், அவருக்குப் பால் தெளித்துவிட்டுத் திரும்பும் வழியில் என் தாயார் சொல்லித்தான் அறிந்தேன். அந்தக் குழந்தை கப்பலில் காய்ச்சல் கண்டு, பினாங்கு வருவதற்கு இரண்டு நாள் இருக்கையில், தமக்கையின் மடியிலேயே இறந்துபோயிற்று. சேலைத் துணியில் சுற்றிக் கடலில் விட்டார்கள். மண்ணில் புதைத்த பிள்ளையானால், மூன்றாம் நாள் மேட்டில் பால் ஊற்றி, வீட்டார் தலை முழுகிச் சடங்கை முடிப்பார்கள். நீரில் விட்ட பிள்ளைக்கு எந்த இடத்தில் ஊற்றுவது என்று அந்தக் குடும்பத்துக்குச் சொல்ல அப்போது ஆளில்லை. ஆகவே அது ஊற்றப்படாமலே இருந்துவிட்டது.

அன்று மாலைக்கு வருகிறேன். இரண்டு கதவு தள்ளி, அத்தை தம் வீட்டு வாசலில் தலைமுடியை விரித்துப் போட்டு உலர்த்திக்கொண்டிருந்தார். நுனியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. குழாயடியில் தந்தையார் வாளி வாளியாக மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டே இருந்தார். தாயார் சாமிப் படத்தின் முன் விளக்கை ஏற்றினார். அலையில் அத்தனை நனைந்துவிட்டு வந்த என்னைக் குளிக்கச் சொல்லும் நினைவு மட்டும் வீட்டில் ஒருவருக்கும் வரவில்லை. கடலுக்குப் போனவள் நான். கடல் பக்கமே போகாத அப்பா எதற்காக மறுபடியும் குளிக்கிறார் என்று யோசித்து யோசித்துப் பார்த்தும் விளங்காமல், அவர் முடிப்பதற்காகக் குழாயடியில் காத்துக்கொண்டு, புறங்கையை நக்கிப் பார்த்தபடி நின்றேன். இன்னும் உப்புக் கரித்தது.